இரண்டாவது ஆளின் காப்புரிமை

கொடைக்கானலில், கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில், சூரிய ஆய்வகம் இருக்கிறது. மூடுபனி வழிவிட்ட நாளெல்லாம் அங்கே சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். 1904-இல் தொடங்கிய வழக்கம் இது. கால்சியம் உமிழும் ஊதா ஒளியில் எடுத்த படங்கள் 2007 வரை கண்ணாடித் தகடுகளிலும் பிலிமிலும் பதிவாகின. 2008-இல் வந்த இரட்டைத் தொலைநோக்கியில் பிலிமுக்குப் பதில் சிசிடி என்னும் மின்னணுச் சில்லு பொருத்தப்பட்டது. பழைய தகடுகளையும் பின்னர் சிசிடி கேமரா வைத்தே எண்ணிமப் படங்களாக மாற்றினார்கள்.

பிலிமிலிருந்து சில்லுக்குத் தாவியது சாதாரண மாற்றமில்லை. புகைப்படத் தகட்டில் விழும் ஒளித்துகள்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் பதிவாகும். நல்ல சிசிடி எண்பது, தொண்ணூறைப் பிடித்துவிடும். இத்தனை வேலை செய்யும் சில்லைக் கண்டுபிடித்தவர் யார், காப்புரிமை யாருக்குப் போனது என்று கேட்டால் பதில் ஒரு பெயரோடு முடியாது. அந்தக் கதை தெரிந்தால், ஏற்கெனவே இருக்கிற ஒரு மின்னணுக் கருவியை மேம்படுத்தியவருக்குச் சட்டம் என்ன கொடுக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

நம் ஊரில் ஒருவர் புதுக் கருவி ஒன்றைச் செய்து காட்டினால், பக்கத்தில் நிற்பவர் உடனே சொல்வார்: ‘இதுதான் ஏற்கெனவே இருக்கே, இதுக்கு எப்படிங்க பேடன்ட் கொடுப்பாங்க?’ கொடுப்பார்கள். உலகில் வழங்கப்படும் காப்புரிமைகளில் மிகப் பெரும்பாலானவை ஏற்கெனவே இருக்கும் ஒன்றின் மேல் வைத்த அடுத்த படிக்குத்தான். யாரும் நினைத்தே பார்க்காத பொருள் எப்போதாவதுதான் வரும். நினைத்ததை உருப்படியாக வேலை செய்ய வைப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

கொடைக்கானலே அதற்குச் சாட்சி. நிறமாலையில் ஒரே ஒரு நிறத்தைப் பிரித்தெடுத்து, அந்த நிறத்தில் மட்டும் சூரியனைப் படம்பிடிக்கும் கருவியை 1890-களில் அமெரிக்காவில் ஹேலும் பிரான்சில் டெலாந்தரும் தனித்தனியாக உருவாக்கினார்கள். அந்த வகைக் கருவி ஒன்று கொடைக்கானலுக்கும் வந்தது. 1907-இல் இங்கே வந்த ஜான் எவர்ஷெட் அதைச் சரிப்படுத்தி ஒழுங்காக இயங்க வைத்தார். 1909 ஜனவரியில், சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே பாடநூல்களில் இருக்கிறது. பிறகு ஹைட்ரஜன் ஒளியில் படமெடுக்க இன்னொரு கருவியையும் அவரே அமைத்தார்.

இன்றைய இந்தியச் சட்டத்தின் கண்ணில், அவர் சூரியனில் கண்டதும் கருவியில் செய்ததும் வேறு வேறு. எவர்ஷெட் விளைவு என்பது இயற்கையில் இருந்ததைக் கண்டறிந்தது. அதற்குக் காப்புரிமை கிடையாது, 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் பிரிவு 3(சி)-யிலேயே அதை விலக்கிவிடுகிறது. அதைக் காணக் கருவியில் செய்த மாற்றம், புதியதாகவும் எளிதில் தோன்றாததாகவும் இருந்தால், காப்புரிமைக்கு உரியது.

இனி சிசிடிக்கு வருவோம். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கரும்பலகை முன் பேசி ஒரு யோசனையை வரைந்தார்கள். சிலிக்கன் துண்டின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம், அதன் மேல் வரிசையாகச் சின்னச் சின்ன உலோகத் தகடுகள். ஒரு தகட்டுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அதனடியில் மின்னூட்டம் தேங்கும். அடுத்த தகட்டின் அழுத்தத்தைக் கூட்டி முந்தையதைக் குறைத்தால், தேங்கியது அப்படியே அடுத்ததன் அடிக்கு நகரும். இப்படி வரிசையின் கடைசி வரை நகர்த்திக் கொண்டுபோய் எண்ணிவிடலாம். அப்போது அவர்கள் தேடிக்கொண்டிருந்தது கணினிக்கான நினைவகம். 1974-இல் அவர்களுக்குக் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமைகளில் ஒன்றின் தலைப்பே தகவல் சேமிப்புக் கருவிகள் என்பதுதான்.

சிலிக்கனில் ஒளி பட்டால் மின்னூட்டம் பிறக்கும். ஆகவே இதைக் கொண்டு படமும் பிடிக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. 1970-இல் வெளியிட்ட கட்டுரையில் பயன்களில் ஒன்றாக அதையும் சொல்லியிருந்தார்கள். ஆனால் செய்து பார்த்தால் ஒரு தொல்லை. மின்னூட்டத்தை நகர்த்தி எண்ணும் நேரத்திலும் ஒளி விழுந்துகொண்டே இருக்கிறது. நகரும் மின்னூட்டத்தோடு வழியில் புதிதாகப் பிறப்பதும் சேர்ந்து, படம் கோடிழுத்தாற்போல் கலங்கிவிடும்.

அதே ஆய்வகத்தில் இருந்த மைக்கேல் டாம்ப்செட் இதற்கு வழி சொன்னார். சில்லின் பரப்பை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதி ஒளிக்குத் திறந்திருக்கும். மறுபாதி மூடியிருக்கும். திறந்த பாதியில் உருவான படம் முழுவதையும் சட்டென்று மூடிய பாதிக்குத் தள்ளிவிட வேண்டும். அங்கிருந்து நிதானமாக வரிவரியாக எண்ணிக்கொள்ளலாம். அதற்குள் திறந்த பாதி அடுத்த படத்துக்கு ஒளியை வாங்கத் தொடங்கியிருக்கும். மின்னூட்ட நகர்வில் இயங்கும் படக் கருவிகளுக்கான அமெரிக்கக் காப்புரிமை 40,85,456 என்ற எண்ணில் 1978-இல் டாம்ப்செட் பெயருக்கு வழங்கப்பட்டது.

பாயில், ஸ்மித் காப்புரிமை டாம்ப்செட்டுக்குத் தடையாக நிற்கவில்லை. படம் பிடிக்கலாம் என்று ஒரு வரி எழுதுவது வேறு, கலங்காமல் படம் பிடிக்கச் சில்லை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று சொல்வது வேறு. காப்புரிமை அலுவலகம் பார்ப்பது இந்த இடைவெளியைத்தான். முன்பே வெளிவந்த எழுத்தை எல்லாம் மேசையில் பரப்பி வைத்து, அந்தத் துறையில் கைதேர்ந்த ஒருவர் மேலும் மூளையைக் கசக்காமலே இந்த மாற்றத்துக்கு வந்திருப்பாரா என்று கேட்கும். வந்திருப்பார் என்றால் விண்ணப்பம் தள்ளுபடி.

2009-இல் இயற்பியல் நொபெல் பரிசில் ஒரு பாதி பாயிலுக்கும் ஸ்மித்துக்கும் போனது, படமெடுக்கும் சில்லு என்ற காரணத்துக்காக. படமெடுக்க வைத்தவன் நான்தானே என்று டாம்ப்செட் வெளிப்படையாகவே கேட்டார். என்னைக் கேட்டால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பரிசுக்குழு ஒரு கருவிக்கு ஒரு தொடக்கத்தைத் தேடுகிறது. காப்புரிமை ஏடு யார் எந்தப் படியை வைத்தார் என்று தனித்தனியாக எழுதி வைக்கிறது. இந்த விஷயத்தில் ஏடுதான் நேர்மையான சாட்சி. பிறகு 2017-இல் பிரிட்டனின் எலிசபெத் அரசி பொறியியல் பரிசு ஸ்மித், டாம்ப்செட், நொபுகாசு தெரனிஷி, எரிக் ஃபோஸம் என நால்வருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. தெரனிஷி ஒளியை வாங்கும் டயோடை மேம்படுத்தியவர். ஃபோஸம் சிசிடியை விட்டு சீமாஸ் வகைச் சில்லுக்குப் போனவர். இன்று நம் கைபேசிக் கேமராவில் இருப்பது அந்த வகைதான்.

பாயிலும் ஸ்மித்தும் டாம்ப்செட்டும் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் பெயரில் பதிவான காப்புரிமைகளின் உடைமை பெல் ஆய்வகத்திடமே இருந்ததால் சண்டைக்கு இடமில்லை. முதல் காப்புரிமை ஒருவரிடமும் மேம்பாட்டின் காப்புரிமை இன்னொருவரிடமும் இருந்தால் என்ன ஆகும்? மின்னணுவியலின் தொடக்கத்திலேயே அப்படி ஒரு வழக்கு நடந்திருக்கிறது.

1904-இல் பிரிட்டனில் ஜான் ஆம்புரோஸ் ஃப்ளெமிங் இரு முனை கொண்ட வெற்றிடக் குழலைச் செய்தார். உரிமை மார்க்கோனி நிறுவனத்திடம். அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் அந்த இரண்டு முனைகளுக்கு இடையே கம்பி வலை ஒன்றை மூன்றாவது முனையாகச் செருகினார். அதற்குக் காப்புரிமை 1908-இல் கிடைத்தது. செருகியது ஒரு கம்பிதான், ஆனால் குழலின் குணமே மாறிவிட்டது. ஃப்ளெமிங் குழல் வானொலி அலையை உணர மட்டும் செய்தது. டி ஃபாரஸ்டின் குழல் மெலிந்த சைகையைப் பெருக்கிக் கொடுத்தது. ஒலிபெருக்கி, தொலைதூரத் தொலைபேசி, வானொலி எல்லாம் அதிலிருந்து வந்தவை. ஆனால் 1916-இல் அமெரிக்க நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு டி ஃபாரஸ்டைக் கட்டிப்போட்டது. மும்முனைக் குழலுக்குள் ஃப்ளெமிங்கின் இருமுனைக் குழலும் அடங்கியிருக்கிறது, ஆகவே அது உரிமை மீறல். மறுபக்கம், மூன்றாவது முனையை மார்க்கோனி நிறுவனமும் செருக முடியாது, அது டி ஃபாரஸ்டின் காப்புரிமையின் கீழ் வருகிறது. உலகமே கேட்ட ஒரு பொருளை இரண்டு பேரும் சட்டப்படி செய்ய முடியாத நிலை. முதல் உலகப்போரில் அரசு தலையிட்டுத்தான் குழல்கள் தடையின்றிச் செய்யப்பட்டன. 1919-இல் ஆர்சிஏ நிறுவனம் உருவாகி, காப்புரிமைகள் ஒரே குடையின் கீழ் வந்த பிறகுதான் சிக்கல் அவிழ்ந்தது.

காப்புரிமை வாங்கிவிட்டால் பொருளைச் செய்து விற்கும் உரிமை வந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். அது கொடுப்பது மற்றவரைத் தடுக்கும் உரிமை மட்டுமே. நடுவிலே கிடக்கும் நிலத்துக்குப் பட்டா வாங்குவது போலத்தான் இது. நிலம் உங்களுடையது, யாரும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லலாம். ஆனால் உங்கள் வண்டி உள்ளே போக அடுத்தவர் காட்டில் பாதை கேட்டாக வேண்டும்.

அந்தப் பாதைக்கு நம் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. பிரிவு 91-இன்படி, மேம்பாட்டின் உரிமையாளர் முதல் காப்புரிமைக்கு உரிமம் கேட்டுக் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளரிடம் விண்ணப்பிக்கலாம். தன் காப்புரிமைக்கும் பதிலுக்கு உரிமம் தரத் தயாராக இருக்க வேண்டும். தன் கண்டுபிடிப்பு இந்தியாவின் தொழில், வணிகத்துக்குக் கணிசமாகப் பங்களித்திருப்பதையும் காட்ட வேண்டும். சொந்தக் கண்டுபிடிப்பையே மேம்படுத்துகிறவருக்குப் பிரிவு 54 இன்னும் எளிது. கூடுதல் காப்புரிமை என்று வாங்கிக்கொள்ளலாம். அதற்குத் தனியாகப் புதுப்பிப்புக் கட்டணம் இல்லை. முதன்மைக் காப்புரிமை முடியும் நாளில் இதுவும் முடிந்துவிடும்.

சட்டம் காகிதத்தில் இருக்கட்டும். மலைக்கே வந்து ஒன்றைச் செய்து பார்ப்போம். கொடைக்கானலில் காட்டுமாடு தெருவுக்குள் நடந்து போவது அன்றாடக் காட்சி. பூம்பாறை, மன்னவனூர் பக்கத்தில் கேரட்டும் பூண்டும் போட்டவர்கள் இரவெல்லாம் காவல் இருக்கிறார்கள். ஒரு பேச்சுக்கு, எலெக்ட்ரானிக்ஸ் கைவேலை தெரிந்த ஒருவர் தோட்டத்து ஓரத்தில் பிஐஆர் சென்சாரும் சைரனும் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வாசல் விளக்கைத் தானாக எரியவைக்கும் அதே சென்சார்தான். உடம்பிலிருந்து வரும் அகச்சிவப்பு வெப்பக்கதிர் நகர்வதை அது உணரும். மலையில் அது இரண்டு விதமாக ஏமாறும். மூடுபனி இறங்கினால் பனித்துளிகள் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சியும் சிதறடித்தும் விட, மாடு வந்தாலும் தெரியாது. வெயிலில் சூடான செடி காற்றில் ஆடினால், மாடில்லாமலே சைரன் அலறும்.

அவர் முதலில் பெரிய சைரனும் நல்ல பெட்டியும் வைக்கிறார். பயனுள்ள வேலைதான், காப்புரிமைக்கு இதில் எதுவும் இல்லை. அடுத்து, காலடி அதிர்வை உணரும் ஜியோஃபோன் ஒன்றை மண்ணில் புதைத்து, இரண்டில் எது அடித்தாலும் சைரன் ஒலிக்கும்படி இணைக்கிறார். இப்போது பிரிவு 3(எஃப்) குறுக்கே வரும். தெரிந்த கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குத் தன் பழைய வேலையையே செய்தால், அது கண்டுபிடிப்பாகாது. இங்கேதான் நம்மூர்த் திறமைசாலிகள் பலர் தடுக்கி விழுகிறார்கள். இரண்டு நல்ல பொருளை ஒரே பெட்டியில் போட்டதே புதுமை என்று நம்பிவிடுகிறார்கள்.

மூன்றாவதாக அவர் ஈரப்பத உணரி ஒன்றைச் சேர்க்கிறார். ஈரப்பதம் ஏற ஏற, பிஐஆரின் சைகைக்குக் கொடுக்கும் மதிப்பை மின்சுற்று குறைத்து, அதிர்வின் சைகைக்குக் கூட்டுகிறது. கனமான நான்குகால் நடையின் தாளம் வந்தால்தான் சுற்று விழித்துக்கொள்ளும், மற்ற நேரம் உறங்கும், ஆகவே பேட்டரியும் நீடிக்கும். ஒன்றின் அளவீடு இன்னொன்றின் நடத்தையை மாற்றுகிறது. தனித்தனியே எதுவும் தராத பலன் சேர்க்கையில் கிடைக்கிறது. காப்புரிமை பற்றிப் பேச இப்போதுதான் இடம் உண்டு. கிடைத்தே விடும் என்று நான் சொல்லவில்லை. யானை போன்ற பெரிய விலங்குகளின் நடமாட்டத்தை அதிர்வால் அறியும் முயற்சிகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அவற்றையெல்லாம் தேடிப் பார்த்து, தன் படி எது என்று விண்ணப்பதாரர் தெளிவாகப் பிரித்துக் காட்ட வேண்டும். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடலும் ஐரோப்பிய அலுவலகத்தின் தேடலும் இலவசம்தான்.

பிரித்துக் காட்டும் இடம் விண்ணப்பத்தின் உரிமைக்கோரிக்கைப் பகுதி. மேம்பாட்டுக்கு எழுதும் கோரிக்கை பெரும்பாலும் இரண்டு பாகமாக வரும். முதல் பாகம் உலகம் அறிந்ததை ஒப்புக்கொள்ளும்: அகச்சிவப்பு உணரியும் அதிர்வு உணரியும் ஒலிப்பானும் கொண்ட எச்சரிக்கைக் கருவி. இரண்டாம் பாகம் தன்னுடையதைச் சொல்லும்: ஈரப்பத உணரியின் அளவைக் கொண்டு மற்ற இரண்டின் சைகைக்குக் கொடுக்கும் மதிப்பை மாற்றும் சுற்று இன்னது. உரிமை நிற்பது இந்த இரண்டாம் பாகத்தின் மேல்தான். ஆசைப்பட்டு அகலமாக எழுதினால் பழையது ஏதாவது உள்ளே விழுந்து கோரிக்கை செத்துப்போகும். பயந்து குறுகலாக எழுதினால் பக்கத்து ஊர்க்காரர் ஒரு கம்பியை மாற்றிவிட்டுத் தப்பித்துவிடுவார். சுற்றைச் சொல்லாமல் கணக்கிடும் நிரலை மட்டும் எழுதினால் பிரிவு 3(கே) நிற்கிறது. கணினி நிரலுக்கு, அது நிரலாக மட்டும் இருக்கும்வரை, காப்புரிமை இல்லை. இந்த ஒரு பக்கத்தை எழுதத் தெரிந்தவருக்குக் கொடுக்கும் கூலி வீண்போகாது.

சரி, பிஐஆர் சென்சாரின் காப்புரிமை யாருடையது, அவர் வழக்குப் போடுவாரா? பயப்பட வேண்டாம். அதன் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியாகி வெகுகாலம் ஆகிறது. கடையில் முறைப்படி விலைகொடுத்து வாங்கிய உறுப்பைப் பயன்படுத்துவதற்கு மறுபடி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து வாய். காப்புரிமைக்கு வேண்டிய முதல் தகுதி புதுமை. விண்ணப்பிக்கும் முன்பே பத்திரிகையில் வந்துவிட்டால், யூடியூபில் போட்டுவிட்டால், தோட்டக்கலைக் கண்காட்சியில் விளக்கிவிட்டால், அந்தப் புதுமை போய்விடும். போட்டவர் நீங்களே என்றாலும் போய்விடும். பிரிவு 31-இல் 12 மாதச் சலுகை ஒன்று உண்டு. மத்திய அரசு அதற்கென அறிவித்த கண்காட்சி, கற்றோர் சங்கத்தில் படித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கு மட்டும் அது செல்லும். கோடை விழாவில் கடை போட்டதற்குச் செல்லாது.

வெளியிட்டுவிட்டுக் காப்புரிமையை விட்டுக்கொடுத்தவரும் உண்டு. ஜகதீஷ் சந்திர போஸ் 1899-இல், பாதரசம் கொண்டு வானொலி அலையை உணரும் மேம்பட்ட கருவியை லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரையாக வெளியிட்டார், காப்புரிமை கேட்கவில்லை. 1901-இல் அட்லான்டிக் கடலைத் தாண்டி வந்த சைகையை மார்க்கோனி பிடித்தது அதே வகைப் பாதரசக் கருவியால். அதை அவருக்குக் கொடுத்தவர் இத்தாலியக் கடற்படையின் லூயிஜி சொலாரி. அது போஸின் வடிவமைப்பே என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். நண்பர்களின் வற்புறுத்தலால், கலீனாப் படிகத்தைக் கொண்டு செய்த இன்னொரு உணர்கருவிக்கு மட்டும் போஸ் 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதையும் பணமாக்க முனையவில்லை. அறிவு பொதுச்சொத்து என்பது அவர் தெரிந்தே எடுத்த முடிவு. தெரியாமல் இழப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ஆய்வகங்களுக்குச் சட்டம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. பிரிவு 47-இன்படி, காப்புரிமை பெற்ற பொருளை ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் யாரும் பயன்படுத்தலாம். கொடைக்கானலின் சிசிடிக்கு அந்தச் சலுகைகூடத் தேவைப்படவில்லை. அமெரிக்காவில் அப்போது காப்புரிமையின் ஆயுள் வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுகள். பாயில், ஸ்மித்தின் 1974-ஆம் ஆண்டு உரிமைகள் 1991-இலும் டாம்ப்செட்டினுடையது 1995-இலும் முடிந்துபோயின. இரட்டைத் தொலைநோக்கி வந்த 2008-இல் அந்த அறிவு எல்லாருக்கும் பொதுவாகிவிட்டிருந்தது. காப்புரிமை என்பதே அந்தப் பேரம்தான்: எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதிக்கொடு, சில ஆண்டுகள் நீ மட்டும் வைத்துக்கொள், பிறகு ஊருக்கு விடு. இந்தியாவில் இன்று அந்தக் காலம் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள்.

தமிழ்நாட்டுக்கான காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், பின்னர் பரிசீலனைக்கு 4,000 ரூபாய். கருவி முழுமையாக இல்லாவிட்டாலும் தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைக் கொடுத்து அன்றைய தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். முழு விவரத்தைக் கொடுக்க 12 மாதம் அவகாசம் உண்டு. உங்கள் பட்டறையில் அப்படி ஒரு பெட்டி இருந்தால், அதைக் கண்காட்சிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால் அந்த விவரக்குறிப்பை எழுதி அனுப்பிவிடுங்கள்.